டீ நேரத்தில் மட்டும் அணைந்த கம்ப்யூட்டர்

அந்தப் பெட்டி மூன்றாவது தடவையாக என் கடைக்கு வந்தபோது, தூக்கிக்கொண்டு வந்த பையன் என் முகத்தைப் பார்க்காமலேயே மேசையில் வைத்துவிட்டு, "அண்ணா, ஓனர் உங்களைப் போன்ல பேசச் சொன்னாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். பேசினால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனி. ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் டேலி, அதில்தான் மெயில், அதில்தான் நூல் ஸ்டாக் கணக்கு. அது தினமும் தானாக அணைந்து தானாக ஆன் ஆகிறது. என் கடைக்கு வந்தால் மட்டும் ரொம்ப ஒழுக்கமான பிள்ளை மாதிரி மூன்று நாள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"தம்பி, உங்க கடையில என்னமோ இருக்குதுங்க. அங்க வந்தா நல்லா ஓடுது, இங்க வந்தா ஓடமாட்டேங்குது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் தடவை வந்தபோது நான் செய்ததையெல்லாம் இப்போது வரிசையாக நினைத்துப் பார்த்தாலும் நியாயமாகத்தான் படுகிறது. மூடியைக் கழற்றி, புளோயர் வைத்து ஊதி, ரேமைக் கழற்றித் துடைத்து, பிராசஸருக்குச் சூடு கடத்தும் புதுப் பேஸ்ட் வைத்து, சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சின்ன வோல்ட்டேஜாக மாற்றிக் கொடுக்கும் டப்பாவான எஸ்.எம்.பி.எஸ்ஸை மல்டிமீட்டரில் பார்த்தேன். மஞ்சள் வயரில் 12.08 வோல்ட், சிவப்பில் 5.04, ஆரஞ்சில் 3.31. இந்த டப்பாக்களுக்கான ஏ.டி.எக்ஸ் என்ற தரக் கணக்குப்படி ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். 12 என்பது 11.4-லிருந்து 12.6 வரை எங்கே நின்றாலும் தப்பில்லை. இது நட்டநடுவில் நின்றது. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு சிவப்பு வரி வரவில்லை. ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில், கெட்ட இடங்களை எண்ணும் 05, சி5 இரண்டும் பூஜ்யம். சி7 என்ற வரியில் மட்டும் கொஞ்சம் எண்ணிக்கை ஏறியிருந்தது. அது டிஸ்க்கின் கோளாறு அல்ல, பெரும்பாலும் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் சாட்டா கேபிளில் தகவல் சிதைந்த கணக்கு. ஆகா, ஆள் சிக்கினான் என்று கேபிளை மாற்றி, "கேபிள்தாங்க, மாத்தியாச்சு" என்று தைரியமாகச் சொல்லி அனுப்பினேன். இரண்டாம் நாள் திரும்பி வந்தது. அடுத்த தடவை ரேமை மாற்றினேன். ஒரு தப்பும் செய்யாத ரேம் அது. காசு வாங்கவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். கடைக்கு வருபவர்கள் சொல்லும் குறைகள் மொத்தமே மூன்று நான்குதான்: டிஸ்ப்ளே வரல, ஹேங் ஆகுது, தானா ஆஃப் ஆகுது, சத்தம் வருது. இவற்றுக்குப் பின்னால் நூறு காரணம் இருக்கலாம். ஆனால் வெளியே எல்லோரும் சட்டென்று சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான், "போர்டு போயிடுச்சு". இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போர்டு போவது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போர்டு போய்விட்டது என்று சொல்லி என்னிடம் வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் போர்டு நன்றாகத்தான் இருந்தது.

டிஸ்ப்ளே வராத பெட்டி வந்தால் நான் முதலில் செய்வது, கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றுவது. ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், டிஸ்ப்ளே கார்டு, முன்பக்க யு.எஸ்.பி. வயர் எல்லாம் வெளியே. போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ்., அவ்வளவுதான். ரேமில் கை வைப்பதற்கு முன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் ஊதா வயரில் 5 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். எழுந்திருக்கவே இல்லையென்றால் அதைத் தனியே பிரித்து, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும். சுற்றினால் நல்லது என்று அர்த்தமில்லை, உயிர் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். இந்த வித்தியாசத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாவது தடவை அந்தப் பெட்டி வந்திருக்காது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பீப் சத்தம் பாதி நோயைச் சொல்லிவிடும். ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் புரோகிராம்தான் பயாஸ். பழைய அவார்ட் பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை வந்தால் டிஸ்ப்ளே கார்டு. நீளமாக விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ரேம். இப்போது வரும் கேபினட்டுகள் பலவற்றில் அந்தக் குட்டி ஸ்பீக்கரையே வைப்பதில்லை. நாலு பின்னில் சொருகும் ஒரு ஸ்பீக்கரை நான் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன், டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி. ரேம் என்று தெரிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரை எடுத்து அதன் தங்கப் பற்களை மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, ரப்பர் தூளைத் தட்டிவிட்டு மறுபடி சொருகுவேன். பேனா மை அழிக்கும் நீலப் பக்கத்தால் தேய்க்கக் கூடாது, அது உப்புத்தாள் மாதிரி, அந்த மெல்லிய தங்கப் பூச்சையே கொண்டுபோய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வராத ஒரு பெட்டி ஒருமுறை வந்தது. போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்து, பவர் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டதும் ஓடியது. கேபினட்டுக்குள் வைத்தால் ஓடவில்லை. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே என்று நாலு தடவை செய்த பிறகுதான் பார்த்தேன்: கேபினட் தகட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைத் தண்டுகளில் ஒன்று கூடுதலாக இருந்தது. முன்னால் வேறு அளவு போர்டு போட்டிருந்த காலத்துத் தண்டு. புதுப் போர்டு போட்டவர் அதைக் கழற்றாமல் விட்டுவிட்டார். அது போர்டின் அடியில் ஏதோ இரண்டு பற்றவைப்புகளைத் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆக்கியிருக்கிறது. தண்டைத் திருகி எடுத்தேன். வேலை முடிந்தது.

திருப்பூர் பெட்டிகளுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு, அது பஞ்சு. மற்ற ஊரில் கம்ப்யூட்டருக்குள் தூசி சேரும், இங்கே துணி நெய்யும். தையல் செக்‌ஷன் பக்கத்தில் வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர், "ரொம்ப ஸ்லோ, வைரஸ்" என்று சொல்லி வேறு யாரோ இரண்டு தடவை ஃபார்மட் அடித்துக் கொடுத்த பிறகு என்னிடம் வந்தது. பயாஸில் போய்ப் பார்த்தால் சும்மா நிற்கும்போதே பிராசஸர் 90 டிகிரிக்கு மேல். சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஃபேனைக் கழற்றினால், அதற்கும் பிராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே வட்டமாக ஒரு பஞ்சு அடை. விரலால் ஓரத்தை நெம்பினேன், கம்பளி அடை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. அதன் வெட்டுப் பக்கத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காக நிறம்: அடியில் கருநீலம், மேலே வெள்ளை, அதற்கும் மேல் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு, உச்சியில் சாம்பல். அங்கிருந்த செக்கிங் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பு தீபாவளிக்கு முன்னாடி ஓடின ஆர்டருங்க" என்றார். மரத்தை வெட்டி வளையத்தை எண்ணுவார்களே, அது மாதிரி. அடையை எடுத்து, காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாக வைத்ததும் 48 டிகிரிக்கு வந்துவிட்டது.

இன்னொன்று மாதம் 20-ஆம் தேதி வரும். அன்றுதான் பலருக்கும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கடைசி நாள். "இன்டர்நெட் இருக்குது, ஆனா எந்த சைட்டும் திறக்கலீங்க, பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது" என்று அக்கவுண்டன்ட் அலறுவார். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் தேதி 2009 என்று இருக்கும். போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சி.ஆர். 2032, தீர்ந்துபோயிருக்கும். வயரைப் பிடுங்கிய ராத்திரியில் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதி, முடியும் தேதி இரண்டும் உண்டு, 2009-இல் நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் நம்ப மறுக்கிறது. நியாயம்தானே.

எனக்கு இந்த வேலை சொல்லிக் கொடுத்தவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை, டிவி மெக்கானிக். கரண்டைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டரைக் கடைசிவரை கண்டன்சர் என்றுதான் சொன்னார். அவர் கடையில் மரப் பலகையில் ஒரு குண்டு பல்பும் ஒரு பிளக் பாயிண்டும் அடித்து வைத்திருப்பார், சீரிஸ் பல்பு என்று பெயர். சந்தேகமான எஸ்.எம்.பி.எஸ். எதுவாக இருந்தாலும் நேராகச் சுவரில் சொருக மாட்டார், இந்தப் பல்பு வழியாகத்தான் கரண்ட் போகும். பல்பு பளிச்சென்று ஒருமுறை எரிந்து மங்கினால் உள்ளே பெரிய கண்டன்சர் நிரம்புகிறது, நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே ஷார்ட். நேராகச் சொருகியிருந்தால் டமார் என்று வெடித்திருக்கும். ஒருதரம் முழு வெளிச்சம் வந்த ஒன்றைத் திறந்து பார்த்தோம், உள்ளே ஒரு பல்லி, இரண்டு முனைக்கும் நடுவே படுத்தபடி கருகிப்போய். "கதகதன்னு இருக்குதுன்னு வந்து படுத்துருக்கான் பாவம்" என்றார்.

2000-களின் முதல் பாதியில் செய்த போர்டுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே கெப்பாசிட்டர்களில் ஒரு பெரிய குளறுபடி நடந்தது. உள்ளே ஊற்றிய ரசாயனக் கரைசல் சரியில்லாமல், சூடேறச் சூடேற ஹைட்ரஜன் வாயு உண்டாகி, தட்டையாக இருக்க வேண்டிய தலை பூரி மாதிரி உப்பி, சிலது பிளந்து பழுப்பாக ஒழுகி, போர்டு போர்டாகச் செத்தன. பிராசஸரைச் சுற்றி நிற்கும் வரிசையைப் பார்த்தாலே போதும். ஆறு நிற்கும், மூன்று உப்பியிருக்கும். 6.3 வோல்ட் 3300 மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்குவது, உள்தடை குறைந்த வகை என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண கெப்பாசிட்டர் போட்டால் ஓடும், ஆறு மாதத்தில் மறுபடி வந்து நிற்கும்.

எடுப்பதுதான் கஷ்டம். போர்டு ஒரே தகடு இல்லை, நாலு ஆறு அடுக்கு. மைனஸ் கால் உள்ளே இருக்கும் பெரிய தாமிரப் பரப்போடு ஒட்டியிருப்பதால், சால்டரிங் அயர்னை வைத்தால் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும், ஈயம் உருகவே உருகாது. பொறுமை இழந்து இழுத்தால் காலோடு சேர்ந்து துளையின் உள்சுவர் பூச்சும் வந்துவிடும், அப்புறம் அந்தப் போர்டு நிஜமாகவே போர்டு போயிடுச்சுதான். பழைய பற்றவைப்பின் மேல் ஈயம் நன்றாக ஓட உதவும் ஃப்ளக்ஸ் கொஞ்சமும் புது ஈயமும் வைத்து, இரண்டு ஈயமும் ஒன்றாகக் கலந்து பளபளவென்று குளம் மாதிரி ஆடும் வரை அயர்னை எடுக்காமல் பிடித்திருந்து, ஒரு கால், பின் மறுகால், மறுபடி முதல் கால் என்று அசைத்து அசைத்துத் தூக்க வேண்டும். இன்னொரு பொறி, போர்டில் வட்டத்தில் பாதிக்கு வெள்ளைப் பூச்சு இருக்கும். பல போர்டுகளில் அந்த வெள்ளைப் பாதிதான் மைனஸ். சில போர்டுகளில் தலைகீழ். நான் அதை ஒருமுறை நம்பி, ஆன் செய்த மூன்றாவது நொடியில் ஒரு கெப்பாசிட்டரின் தொப்பி என் காதை உரசிக்கொண்டு போய் மேல்கூரையில் அடித்தது. அதற்குப் பிறகு கழற்றுவதற்கு முன்பே மார்க்கரால் குறித்துக்கொள்கிறேன்.

சரி, அந்த மூன்றாவது தடவை.

பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, எதையும் கழற்றாமல், எதையும் மாற்றாமல் வெறுமனே ஆன் செய்து விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் அணைந்து எழுந்த ஒவ்வொரு தடவையும் கெர்னல் பவர் 41 என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கும். காரணத்தைச் சொல்லாது, "நான் முறையாக அணையவில்லை" என்று மட்டும் சொல்லும். கூடவே விண்டோஸ் நிலைகுலையும்போது காட்டும் நீலத்திரையின் எண் இருந்தால் டிரைவர், ரேம் என்று அந்தப் பக்கம் தேடலாம். இதில் எல்லாமே பூஜ்யம். அதாவது விண்டோஸுக்கு எதுவும் தெரியாது, காலுக்கடியில் இருந்து கரண்ட் போயிருக்கிறது. நேரத்தை மட்டும் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் வரிசையாக எழுதினேன். காலை 10.42. மாலை 4.11. காலை 10.38. காலை 10.51, அதே நாள் மாலை 4.07. எழுத எழுதச் சிரிப்பு வந்துவிட்டது. ரேமுக்கு மணி பார்க்கத் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போய், அதே மேசையில் அதே வயர்களில் மாட்டிவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஓனர் ஒரு மாதிரிப் பார்த்தார். "தம்பி வேலை ஒண்ணும் பண்ணலீங்களா?" "இதுதாங்கண்ணா வேலை" என்றேன். பக்கத்து பிளக்கில் மல்டிமீட்டரைச் சொருகி வைத்திருந்தேன், 226, 228 என்று காட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும்போது முழங்கை கேபினட்டின் ஸ்க்ரூவில் பட்டது, சுரீர் என்றது. "அது எப்பவுமே அப்படித்தானுங்க" என்றார் அக்கவுண்டன்ட் ரொம்ப சாதாரணமாக. அது வேறு விஷயம் என்றாலும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு, அவை கரண்ட் வயர்கள் இரண்டிலிருந்தும் தகட்டுக்கு இணைத்திருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அங்கே கசியும் துளி மின்சாரம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகட்டில் கிட்டத்தட்ட பாதி வோல்ட்டேஜ், 115 பக்கம், நின்றுகொண்டிருக்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, சுரீர் என்று மட்டும் இருக்கும். ஆனால் எர்த் இல்லாத இடத்தில் நிஜமாகவே ஒரு வயர் தகட்டில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன், எர்த் குழி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கரியும் உப்பும் போட்ட குழி, ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவன் "ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க" என்று சொன்னதை வாட்ச்மேன் தாத்தா நம்பவே இல்லை. ஊற்றிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார், அப்புறம் அவரே தினமும் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

10.35-க்கு டீ வந்தது. மிஷின்களை நிறுத்தினார்கள். நானும் ஒரு கிளாஸை வாங்கிக்கொண்டேன். ஆபரேட்டர்கள் டீக்குப் போகும் அந்தக் கால்மணி நேரத்தில் ஃபிட்டர் ஒருவர் மிஷின்களின் மேல் படிந்த பஞ்சையெல்லாம் காற்றடித்து ஊதித் தள்ளுவாராம், அதற்கென்று பின்கட்டில் ஒரு கம்ப்ரஸர். 10.41. பின்கட்டில் "டுர்ர்" என்று ஒரு முனகல். தலைக்கு மேல் டியூப்லைட் ஒரு கண் சிமிட்டியது. மீட்டர் 182 என்று காட்டிவிட்டு மேலே ஏறியது. மேசைக்கடியில் யு.பி.எஸ். "டக்" என்றது. கம்ப்யூட்டர் அணைந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி எழுந்தது. கையில் டீயோடு நான் எழுந்து நின்று "அவ்வளவுதானா!" என்று கத்திவிட்டேன்.

கம்ப்ரஸர் மோட்டார் ஏழரை எச்.பி. (பெயரிலேயே சனி இருக்கிறது.) இந்த மாதிரி மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் கிளம்பும் அந்த ஓரிரு நொடி, ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். ஆபீஸ் லைனையும் கம்ப்ரஸருக்குக் கரண்ட் போகும் அதே சுவிட்ச் போர்டிலிருந்து மெல்லிய வயரில் எடுத்திருக்கிறார்கள், அதனால் ஆபீஸில் வோல்ட்டேஜ் பொத்தென்று விழுகிறது. அதற்குத்தான் யு.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன், முதல் வாரமே அவர்களைப் போனில் யு.பி.எஸ். வயரைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன், கம்ப்யூட்டர் அசையாமல் ஓடியது, யு.பி.எஸ். மேல் பழியில்லை என்று விட்டுவிட்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். இந்த வகை யு.பி.எஸ். சுவர் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறச் சில மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்துச் சமாளிக்க வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 16, 17 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பது கணக்கு. 230 வோல்ட் இருக்கும்போது அந்தக் கெப்பாசிட்டர்கள் 325 வரை நிரம்பியிருக்கும், அப்போது வயரைப் பிடுங்கினால் முழு வயிற்றோடு ஓட ஆரம்பிப்பதால் வயதான கெப்பாசிட்டர்கூடச் சமாளித்துவிடும். ஆனால் வோல்ட்டேஜ் 180-க்கு விழுந்த பிறகு யு.பி.எஸ். மாறினால் உள்ளே 254-தான் இருக்கும். சேமிப்பு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஐந்தில் மூன்று பங்குதான் மிச்சம். பாதி வயிற்றோடு இருக்கும் கிழவனை ஓடச் சொன்ன மாதிரி. என் மல்டிமீட்டர் காட்டிய 12.08 பொய்யில்லை, அது சராசரியைக் காட்டும், பத்து மில்லிசெகண்டில் விழுந்து எழுவதை அது பார்க்காது. என் கடையில் கம்ப்ரஸரும் இல்லை. என் கடையில் என்னமோ இருக்கிறது என்று ஓனர் சொன்னது சரிதான், என் கடையில் நல்ல கரண்ட் இருந்தது.

பையில் வேறு ஒரு எஸ்.எம்.பி.எஸ். கொண்டுபோயிருந்தேன். அதை மாட்டிவிட்டு ஃபிட்டரைக் கம்ப்ரஸரை ஆறு தடவை நிறுத்தி நிறுத்திப் போடச் சொன்னேன். டியூப்லைட் சிமிட்டியது, யு.பி.எஸ். டக் டக் என்றது, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. ஃபிட்டருக்குத்தான் என் மேல் எரிச்சல்.

பழையதை ராத்திரி கடையில் திறந்தேன். பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கலாம், அதனால் முதலில் 40 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரை அதன் கால்களில் வைத்து எரித்துத் தீர்த்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரல் வைப்பேன். உடம்பில் 470 மைக்ரோஃபாரட், 200 வோல்ட் என்று அச்சடித்த இரண்டு. வெளியே பார்த்தால் உப்பவில்லை, ஒழுகவில்லை, அழகாக நின்றன. கழற்றி அளந்தால் ஒன்று 410, இன்னொன்று 140. அந்த எஸ்.எம்.பி.எஸ். ஃபேனிலும் ஒரு பஞ்சு அடை இருந்தது, வெள்ளை மட்டும். நிட்டிங் கம்பெனி ஆயிற்றே, சாயம் போடாத நூல். அந்தப் பஞ்சுதான் காற்றை அடைத்து, சூட்டில் இவற்றை வருடக்கணக்கில் வேகவைத்திருக்கிறது.

ஓனர் பணம் கொடுக்கும்போது, "ஒரு டப்பா மாத்தறதுக்கு மூணு வாரமாங்க தம்பி?" என்றார். பதில் சொல்லவில்லை. கம்ப்ரஸருக்கு, கிளம்பும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போடுங்கள், ஆபீஸுக்கு மெயினிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். "கண்டிப்பாப் பண்ணிரலாமுங்க" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன வாரம் போன் வந்தது. கைரேகை வைக்கிற அட்டென்டன்ஸ் மிஷின் ஒன்று புதிதாக வாங்கி ஆபீஸ் வாசலில் மாட்டியிருக்கிறார்களாம், அது டீ நேரத்தில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதாம்.